அசோட் வழக்கொழிந்த பெயர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் தனிமங்களின் பெயர்க் காரணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தங்கம், வெள்ளி, பாதரசம் பற்றிய பகுதிகள் நன்றாக இருந்தன. ஆனால் நைட்ரஜன் பகுதியைப் படித்ததும் பேனாவை எடுக்காமல் இருக்க முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நைட்ரஜனுக்கு முதலில் 'அசோட்' என்று பெயர் வைத்தார்கள், அது ரசவாதிகளின் 'அஸோத்' என்ற சொல்லிலிருந்து வந்தது, பிழையான பெயர் என்பதால் உலகம் அதைக் கைவிட்டுவிட்டது என்று அதில் இருந்தது. பெயர் வைத்தது பிரெஞ்சுக்காரர்கள்தான்; ஆனால் ரசவாதத்திலிருந்து வந்தது, பிழையான பெயர், உலகம் கைவிட்டது என்ற மூன்றுமே சரியல்ல. மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் என்பதால் விட்டுவிட மனம் வரவில்லை.

நான் ஒரு பகுப்பாய்வுக் கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தானியம், தீவனம், மண், உரம் எது வந்தாலும் அதில் எத்தனை சதவீதம் நைட்ரஜன் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. நைட்ரஜன் அளக்கும் கெல்டால் குடுவையும், கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாயும் என் கையை விட்டு இறங்கிய நாள் குறைவு. மொழிகள் படித்தவள் இல்லை. எங்கள் கூடத்துக்கு வந்த கருவிகளின் கையேடுகளும் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளும்தான் எனக்கு இந்தச் சொற்களைக் கற்றுக்கொடுத்தன.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு இத்தாலியிலிருந்து ஒரு கருவி வந்தது. கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'அசோட்டோ'. என்னுடன் இருந்த இளைஞர் அதை 'அசைடு' என்று எடுத்துக்கொண்டார். சோடியம் அசைடு கொடிய நஞ்சு, சில உலோகங்களோடு சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும் என்று அவர் படித்திருந்தார். அந்த வாயு உருளையைத் திறக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவர் பயந்ததில் தவறில்லை, தெரியாததைத் திறக்காமல் இருப்பதுதான் கூடத்தில் முதல் பாடம். அன்று மாலை அகராதியைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அசோட்டோ என்றால் வெறும் நைட்ரஜன். அசைடு என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான், எனவே அவருடைய ஊகத்திலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட ஆர்வம் இன்னும் என்னை விடவில்லை.

முதலில் ரசவாதத்தைப் பார்ப்போம். ரசவாதிகளின் 'அஸோத்' பாதரசத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டின் மருத்துவரும் ரசவாதியுமான பாராசெல்சஸின் பழைய படங்களில் அவருடைய வாளின் பிடியிலேயே அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கும். அவர் இறந்தது 1541-இல். நைட்ரஜனைத் தனி வாயுவாக யாரும் பிரித்தெடுத்தது 1772-இல்தான். நடுவில் 200 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. 'அசோட்' என்ற வேதியியல் சொல் கிரேக்கத் துண்டுகளைச் சேர்த்துப் பாரிஸில் கட்டிய புதுச் சொல். 'அ' என்றால் இல்லை, 'ஸோயே' என்றால் உயிர். உயிரில்லாதது, உயிரைத் தாங்காதது என்று பொருள். ஒலி ஒத்துப்போவதால் ஒரு சொல்லை இன்னொன்றின் பிள்ளையாக்கிவிட முடியாது.

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரிய, 1772-இல் எடின்பரோவில் டேனியல் ரூதர்ஃபோர்டு என்ற மாணவர் செய்த சோதனையைப் பார்க்க வேண்டும். (அணுக்கருவைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு இவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னால் பிறந்த வேறொருவர்.) இவர் மூடிய கலத்தில் ஓர் எலியை வைத்தார், அது செத்தது. மிச்சமிருந்த காற்றில் மெழுகுவர்த்தியை எரித்தார், அதுவும் அணைந்த பிறகு பாஸ்பரஸை எரித்தார். எஞ்சிய காற்றைக் காரக் கரைசலில் செலுத்தி, இன்று நாம் கார்பன் டைஆக்சைடு என்று சொல்லும் வாயுவை நீக்கினார். அப்புறமும் ஏராளமாக ஒரு வாயு மீந்தது. அதில் எலியும் பிழைக்கவில்லை, சுடரும் நிற்கவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஷீலே, பிரீஸ்ட்லி, கேவண்டிஷ் ஆகிய வேதியியலாளர்களும் அதே வாயுவைக் கண்டார்கள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஷீலேவுக்கு அது கெட்டுப்போன காற்று.

பிறகு 1787-இல் லவாய்சியர், கீத்தோன் த மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்க்ருவா என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நால்வரும் சேர்ந்து வேதியியலுக்கே புதிய பெயரிடும் முறையை வெளியிட்டார்கள். பொருளின் பெயரைக் கேட்டால் அதன் தன்மையோ அதன் கூறுகளோ தெரிய வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. சரி, இந்த வாயுவின் தன்மை என்ன? அதுவரை உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அதைச் சுவாசித்த உயிர் சாகும். இரண்டு ஆண்டு கழித்து லவாய்சியர் எழுதிய பாடநூலில் இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறார். இதன் வேதிப் பண்புகள் இன்னும் அதிகம் தெரியவில்லை, ஆகையால் தெரிந்த ஒரே பண்பை வைத்துப் பெயரிட்டோம் என்கிறார். நைட்ரிக் அமிலத்தில் இது இருப்பதால் 'நைட்ரிஜன்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கவும் நியாயம் உண்டு என்பதையும் அவரே சேர்த்துச் சொல்கிறார். பெயர் வைத்தவருக்கே மாற்றுப் பெயர் தெரிந்திருந்தது. இதை எப்படிப் பிழை என்று சொல்வது? சோதனைக் குறிப்பேட்டில் அன்றைய தேதி போட்டு எழுதிய ஒரு வரி மாதிரிதான் எனக்கு அது படுகிறது.

1790-இல் ஷாப்தால் என்ற இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் மறுப்புச் சொன்னார். ஆக்சிஜனைத் தவிர வேறு எந்த வாயுவும்தான் உயிரைத் தாங்காது, அப்படியிருக்க இதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். நல்ல கேள்வி. அவர் வைத்த பெயர்தான் 'நித்ரோஜென்', வெடியுப்பை (பொட்டாசியம் நைட்ரேட்டை) உண்டாக்குவது. அதற்குப் பின்னாலும் ஒரு சோதனை இருந்தது. 1785-இல் கேவண்டிஷ் காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, காரக் கரைசலுக்கு மேல் நாள்கணக்கில் மின்பொறி பாய்ச்சினார். கரைசலில் வெடியுப்பு கிடைத்தது. ஒரு சிறு குமிழி மட்டும் எதனோடும் சேராமல் நின்றுவிட்டது, மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குமிழி என்ன என்று தெரிய 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராலேயும் ராம்சேயும் அதற்கு ஆர்கான் என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கத்தில் 'சோம்பேறி'. இப்படி ஒவ்வொரு பெயரும் தன்னைப் பெற்ற சோதனையைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

வெடியுப்பைக் குறிக்கும் 'நைட்டர்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. கிரேக்க 'நித்ரோன்' முதலில் வெடியுப்பே இல்லை. எகிப்தின் உப்பு ஏரிகளில் கிடைத்த சோடா உப்பு அது, எகிப்தியச் சொல்லிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது. பிற்காலத்தில்தான் வெடியுப்புக்கு மாறியது. அதே எகிப்தியச் சொல் அரபு வழியாக ஐரோப்பாவுக்கு வந்தபோது 'நேட்ரான்' ஆனது. அதிலிருந்து 'நேட்ரியம்', சோடியத்தின் லத்தீன் பெயர். சோடியத்துக்கு 'என்-ஏ' என்ற குறியீடு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். நைட்ரஜனின் 'என்'னும் சோடியத்தின் 'என்-ஏ'யும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிப் பாருங்கள், பிறகு மறக்கவே மாட்டார்கள்.

கட்டுரையின் மூன்றாவது செய்திக்கு வருகிறேன். உலகம் அசோட்டைக் கைவிட்டதா? பிரெஞ்சில் இன்றும் அது அசோட்தான். இத்தாலியில் அசோட்டோ. ரஷ்யன், போலிஷ், ருமேனியன், பல்கேரியன், செர்பியன் மொழிகளிலும் அசோட். லிதுவேனியனில் அசோட்டாஸ். போர்ச்சுகலில் அசோட்டு என்கிறார்கள், அதே மொழி பேசும் பிரேசிலில் நைட்ரோஜனுக்குப் போய்விட்டார்கள். கிரேக்கத்தில் 'ஆஸோத்தோ'. கிரேக்கத் துண்டுகளை வைத்துப் பாரிஸில் செய்த சொல் கிரேக்கத்துக்கே திரும்பிப் போய் வீட்டுச் சொல்லாகக் குடியேறிவிட்டது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பிரான்சின் 19ஆம் நூற்றாண்டுப் பாடநூல்களில் குறியீடுகூட 'ஏ-இசட்'தான். அப்படி ஒரு பழைய நூலின் படியில் அமோனியாவை 'ஏ-இசட்-எச்-மூன்று' என்று நானே பார்த்திருக்கிறேன். குறியீட்டில் 'என்' வென்றுவிட்டது, பேச்சில் அசோட் நின்றுவிட்டது.

ஆங்கிலத்திலும் அது சாகவில்லை, உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. அசைடு, ஹைட்ரசீன், அசோ சாயம், டையசோ சேர்மம், தையசோல் என்று எங்கெல்லாம் 'அசோ'வோ 'அசை'யோ வருகிறதோ அங்கெல்லாம் நைட்ரஜன் இருக்கிறது என்று பொருள். மெத்தில் ஆரஞ்சு ஓர் அசோ சாயம். பள்ளியில் ஒருமுறையாவது அதை வைத்துத் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) செய்த எல்லோரும் லவாய்சியர் குழுவின் பெயரைக் குடுவைக்குள் சொட்டவிட்டிருக்கிறார்கள்.

ஜெர்மன் வழி வேறு. அங்கே கிரேக்கத்தைத் தேடிப் போகாமல் வீட்டுச் சொற்களாலேயே பெயர் கட்டினார்கள். ஹைட்ரஜன் தண்ணீர்ப் பொருள், ஆக்சிஜன் புளிப்புப் பொருள், நைட்ரஜன் 'ஷ்டிக்ஷ்டோஃப்', அதாவது மூச்சை முட்டவைக்கும் பொருள். டச்சில் ஸ்டிக்ஸ்டாஃப். டேனிஷிலும் ஸ்வீடிஷிலும் தங்கள் தங்கள் வினைச்சொல்லில் 'திணறடிப்பது'. செக், ஸ்லோவாக் மொழிகளில் 'துசீக்', ஸ்லோவேனியனிலும் குரோஷியனிலும் 'துஷிக்', அவையும் திணறலிலிருந்தே வந்தவை. எஸ்டோனியனிலும் அப்படியே. செக் மொழி ஒரு படி மேலே போய் நைட்ரேட்டையும் 'துசிச்னான்' என்று அந்த வேரிலேயே சொல்கிறது. போலிஷ் அதே நைட்ரேட்டை 'அசோட்டான்' என்கிறது. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே உப்பு. ஒரு பையில் திணறலின் பெயர், இன்னொரு பையில் உயிரின்மையின் பெயர். இரண்டு பைக்குள்ளும் இருப்பது பயிர் வளர்க்கும் உரம்.

நான் நாள் முழுக்கச் செய்த கெல்டால் சோதனையும் இங்கேதான் வருகிறது. யோஹான் கெல்டால் அதை வெளியிட்டது 1883-இல், கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில். தானியத்தை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியம் உப்பாக்கி, பிறகு காரம் சேர்த்து அமோனியாவாக வடித்து அளப்பது. கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் அந்த 6.25. கெல்டாலின் டேனிஷ் மொழியில் அந்த நைட்ரஜன் திணறடிக்கும் பொருள்! தானியத்தில் ஊட்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, திணறடிக்கும் பொருள் எவ்வளவு என்று அளந்திருக்கிறார் மனிதர். அவருக்கு அது உறுத்தியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். நாமும் பழகிய சொல்லுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது, கட்டுரையாளர் 'பிழையான பெயர்' என்று சொன்னதற்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இத்தனை மொழிப் பெயர்களில் எது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அசோட் என்பேன். அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் திரவ நைட்ரஜன் வைத்திருந்த சிறிய அறை ஒன்று இருந்தது. சன்னல் கிடையாது. ஒரு நாள் காலை உதவியாளர் ஒருவர் சிறு கலத்தை நிரப்ப உள்ளே போனார். நிரப்பும்போது கொஞ்சம் அதிகமாகவே கொட்டியிருக்கிறது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் அறை வெப்பத்தில் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. நான் வெளியே மேசையில் பியூரெட் வாசித்துக்கொண்டிருந்தேன். கூப்பிடும் சத்தமோ இருமலோ எதுவும் கேட்கவில்லை. கலம் தரையில் உருண்ட ஓசை மட்டும்தான் கேட்டது. எங்கள் மூத்தவர் ஓடிப் போய் கதவை அகலத் திறந்து, பொறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் காலைப் பற்றி வெளியே இழுத்தார். அப்படி உள்ளே போயிருக்கக் கூடாது என்று பிற்பாடு அவரே எங்களுக்கு வகுப்பெடுத்தார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இந்த விபத்துகளில் அடிக்கடி நடப்பது. அன்று இருவரும் பிழைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் உதவியாளர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "அக்கா, மூச்சே முட்டலை. நல்லாத்தான் இருந்துச்சு."

அதுதான் உண்மை. நமக்கு மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் இல்லை, இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு கூடுவதால். நைட்ரஜன் நிறைந்த அறையில் கார்பன் டைஆக்சைடை வழக்கம்போல வெளியே விட்டுக்கொண்டே இருப்போம், ஆகவே உடம்பு எச்சரிக்கை தராது. வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், உடம்புக்கு அந்நியமும் இல்லை. சில மூச்சுகளில் நினைவு போய்விடும். 'ஷ்டிக்ஷ்டோஃப்' என்ற பெயர் திணறலை எதிர்பார்க்கச் சொல்கிறது. ரூதர்ஃபோர்டின் எலியைப் பார்த்தவர்களுக்கு அது திணறியதாகத் தோன்றியிருக்கலாம், அந்தக் கலத்தில் அது விட்ட மூச்சும் சேர்ந்தே இருந்ததல்லவா. தூய நைட்ரஜனில் அப்படி ஒன்றும் இல்லை. அது யாரையும் தாக்குவதில்லை, அங்கே உயிரைத் தாங்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். 'அ-ஸோயே', உயிரின்மை. அந்த நால்வரும் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சரியான சொல்லைப் பிடித்துவிட்டார்கள்.

அப்படியானால் புரதம்? நம் தசையிலும் மரபணுவிலும் நைட்ரஜன் இருக்கிறதே, அதை உயிரற்றது என்று சொல்லலாமா என்று கட்டுரையாளர் கேட்கிறார். அவர்கள் பெயர் வைத்தது காற்றில் மீந்த வாயுவைப் பார்த்து. அந்த வாயுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் முப்பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மோல் அளவை, அதாவது சுமார் 28 கிராமைப் பிரிக்கச் சுமார் 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அந்தப் பிடி விடாதவரை பெரும்பாலான உயிர்களுக்கு அது பயன்படாது, சில நுண்ணுயிர்கள் மட்டுமே அதைப் பிரிக்கும். பிடி விட்டு ஹைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ சேர்ந்த பிறகுதான் பயிருக்கும் நமக்கும் உணவாகிறது. வாயுவுக்கு அசோட் பொருந்தும், சேர்மத்துக்கு நைட்ரஜன் பொருந்தும். ஒரு பெயர் எலியைப் பார்த்து வந்தது, இன்னொன்று உப்பைப் பார்த்து வந்தது. இரண்டும் இருப்பது நல்லதுதான்.

உண்மையிலேயே தவறிய பெயர் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனைச் சொல்லலாம். அமிலத்தை உண்டாக்குவது என்று லவாய்சியர் பெயரிட்டார், எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810-இல் ஆங்கில வேதியியலாளர் டேவி காட்டிவிட்டார். ஆனாலும் ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் அது இன்னும் புளிப்பின் பெயரிலேயே நடமாடுகிறது. நாம் சொல்லும் உயிர்வளிதான் எவ்வளவோ பொருத்தம். ஆக்சிஜன் என்ற பெயர் நிலைப்பதற்கு முன் பிரெஞ்சிலும் அதை உயிர்க்காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். வரும் வாரம் ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அசோட்டுக்கும் ரசவாத அஸோத்துக்கும் தொடர்பில்லை என்பதும், அசோட் இன்றும் கோடிக்கணக்கானவர்கள் பேசும் சொல் என்பதும் அதில் இருந்தால் போதும். இடம் குறைவு என்றால் அந்த இரண்டையும்கூட விட்டுவிடுங்கள். மூடிய அறையில் நைட்ரஜன் கசிந்தால் மூச்சு முட்டாது, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஆள் விழுவார், காற்றோட்டம் வராமல் பின்னால் ஓடிப் போய்த் தூக்கக் கூடாது என்ற ஒரு வரியை மட்டுமாவது கட்டாயம் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை அப்படி ஓர் அறைக்குள் வேலைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பகுப்பாய்வாளர் ஒருவர்,
தங்கள் நீண்ட கால வாசகி